கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தண்ணீர் பாட்டிலிலிருந்து கிடைத்தது. ஏதோ வேலையாக ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். அங்கே நேர்முகத்துக்கு வந்த இருவர், நடுவில் ஒரு நாற்காலி விட்டு, முன்பின் அறியாதவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஒரே பாட்டிலை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். அடப் பாவிகளா, புருஷன் பெண்டாட்டி! எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

அன்று காலை லேசான மழை

(வேண்டாம். மழையில் நனையாத கதை ஒன்றாவது இருக்கட்டும்.)

அவளும் அவள் கணவனும் அதிர்வுப் பொறியாளர்கள். சுழலும் இயந்திரம் ஏன் ஆடுகிறது என்று கண்டுபிடித்து, ஆட்டத்தை அடக்குவது தொழில். இருவரும் சேர்ந்து வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். ஊரில் இந்த வேலைக்கு ஆள் வைக்கிற இடம் இனி இது ஒன்றுதான். காலியிடமும் ஒன்றுதான். காலையில் வந்த பெருங்கூட்டத்தில் எழுத்துத் தேர்வு முடிந்து மிஞ்சியது இவர்கள் இருவர். தம்பதி என்று தெரிந்தால் இருவரையுமே கழித்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லிவைத்ததால் அந்த நடிப்பு.

"யாருக்குக் கிடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே வருது" என்றான் அவன், வரும் வழியில்.

"ஆமா ஆமா. கிடைக்காத ஆள் சமைக்கணும்."

இருவரும் சிரித்தார்கள். (இந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், பாவம், அவர்களும் நம்பவில்லை.)

3

முதல் வரைவில் அவளைத் தியாகியாக எழுதினேன். படித்தால் எனக்கே கொட்டாவி வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அந்த வேலை வேண்டும். பழைய ஆலையில் பாதி மூளை அவளுடையது, பெயர் முழுக்க அவனுடையது. "சாரோட அசிஸ்டென்ட்டா?" என்று கேட்டவர்களிடம் சிரித்துச் சிரித்தே அவளுக்கு வாய் வலித்தது. ஒருமுறையாவது தன் பெயரில் ஒரு மேசை கிடைக்காதா என்று ஏங்கினாள்.

4

செய்முறைத் தேர்வு. முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறைக்குள் ஒரு சின்ன உருளை.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: உருளையின் எந்தப் பக்கம் கனம் என்று அறிய, முதலில் ஒரு சோதனை எடையை மாட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். கணக்குப் போட்டதும் அதைக் கழற்றிவிட்டுச் சரியான எடையை மாட்ட வேண்டும். கழற்ற மறந்தால் போச்சு, கணக்கே தப்பி ஆட்டம் கூடிவிடும்.)

கண்ணாடிக்கு வெளியே, ஏசி குளிரில் உட்கார்ந்திருந்த அவளுக்குக் கண் சொக்கியது. உருளை சுழன்றது. வேகம் ஏற ஏற, அது அசையாமல் நிற்பதாகவே தோன்றியது. அதன் முனகல் தரை வழியாகப் பாதத்துக்கு வந்து, தொட்டிலில் கிடப்பது போல இருந்தது. பிறகு அது நின்றது. அவன் கணக்குப் போட்டான். புது எடையை எடுத்து மாட்டினான்.

சோதனை எடை அங்கேயே இருந்தது.

அவளுக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. இத்தனை வருஷமும் இந்த இடத்தில் "கழட்டியாச்சா?" என்று கேட்டவள் அவள். அவன் தானாக ஞாபகம் வைத்ததே இல்லை; வைக்கத் தேவையும் இருந்ததில்லை. இப்போதும் சுவிட்சில் விரல் வைத்தபடி தயங்கினான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

5

முடிவு ஒன்று: அவள் கண்ணாடியைத் தட்டுகிறாள். குட்டு உடைகிறது. இருவருக்கும் வேலை இல்லை.

முடிவு இரண்டு: தட்டவில்லை. வேலை அவளுக்கு. அன்று மாலை அவன், "எங்க தப்பு பண்ணேன்னே தெரியல" என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை.)

முடிவு மூன்று: கண்ணாடியே இல்லை. உருளைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். அறை மெல்ல மிதக்கிறது. அழகுதான். ஆனால் கனவுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

சரி, அவளையே கேட்டுவிட்டேன். "உனக்கு எதும்மா வேணும்?"

"எனக்கு வேலை வேணும்" என்றாள் பட்டென்று. "நீங்க எழுதி முடிச்சுட்டு எழுந்து போயிடுவீங்க. நான் இந்த மனுஷன்கூட பஸ் ஏறி வீட்டுக்குப் போகணும்."



6

அவள் எழுந்தாள். நான் எழுப்பவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கை பாதி உயர்ந்தது. வரவேற்பு மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன மேடம், அவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

பதிலை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், அவன் சுவிட்சை அழுத்தப்போகிறான்.