பாஸ்டர் சுமந்த குடம்

என் கணவர் ஜெயரத்தினம் ஒரு பாஸ்டர். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ட்வெய்ட்டா என்ற இடத்தில் ஒரு வாடகை மண்டபத்தில்தான் எங்கள் சபை கூடும். இந்துச் சடங்கில் கை வைத்தவர்கள் சபை முன் எழுந்து நின்று, செய்தது பாவம் என்று அறிக்கையிட வேண்டும். அது அவரே போட்ட சட்டம்.

2003இல், ஊரில் போர் நின்றிருந்த சமாதான காலத்தில், சபையில் என் சினேகிதியான விமலாதேவி ஊருக்குப் போய்த் தாய்க்கு வாய்க்கரிசி போட்டாள். செத்தவீட்டு வீடியோ இங்கே இன்னொரு நகரான ஸ்தவாங்கருக்கு வந்து, அங்கிருந்து எங்கள் சபை மூப்பர் சச்சிதானந்தன் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. செத்தவீட்டைப் படம்பிடித்து உலகம் முழுக்க அனுப்புகிற சனம் நாங்கள், எதை ஒளிக்கலாம்? என் கணவர் அவளைச் சபை முன் எழுப்பி நிறுத்தினார். அவள் அழுதழுது அறிக்கையிட்டாள். நான் முன்வரிசையில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அடுத்த வருடம் மாமா, என் கணவரின் அப்பா, இங்கேயே காலமானார். கடைசிவரை திருநீறு பூசிய மனிதர். இவர்தான் தலைமகன். தகன மண்டபத்தில் கொள்ளி வைக்க நெருப்புக்கு அனுமதி இல்லை, தண்ணீர்க்குடம் மட்டும்தான். இவர் கோட்டைக் கழற்றிவிட்டு, குடத்தைத் தோளில் ஏற்றி, பெட்டியை மூன்று முறை சுற்றி வந்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! இந்த முறையும் வீடியோ எடுத்தார்கள்.

மூப்பர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை நீங்களும் எழும்பி நிக்க வேணும். இல்லாட்டிச் சபையை விட்டிட்டுப் போங்கோ."

"நிக்கிறன்," என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்பாவுக்குக் குடம் தூக்கினது பாவமெண்டு சொல்லப்போறியளோ?" என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இவர் சபை முன் நின்றார்.

"நான் பாவம் செய்தனான்."

மூப்பர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"ஒரு பிள்ளை தன்ர தாயை வழியனுப்பினதுக்கு, அவவை இதிலை நிப்பாட்டி அழவைச்சனான். அதுதான் என்ர பாவம். விமலா சிஸ்டர், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அப்பான்ர குடத்துக்கு நான் மன்னிப்புக் கேக்கமாட்டன். நாளைக்குத் தூக்கச் சொன்னாலும் தூக்குவன்."

"அப்ப மண்டபத் திறப்பைத் தாங்கோ," என்றார் மூப்பர்.

இவர் சாவிக்கொத்திலிருந்து திறப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். பதினைந்து வருட ஊழியம் அதோடு போயிற்று.

அப்போது விமலாதேவி யாரும் கூப்பிடாமலே எழுந்தாள்.

"நானும் அறிக்கையிட வேணும். அண்டைக்கு இதிலை நிண்டு, அம்மாவுக்கு அரிசி போட்டது பாவமெண்டு சொன்னனான். அது பொய். அந்தப் பொய்க்குத்தான் கர்த்தரிட்டை மன்னிப்புக் கேக்கிறன்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். நான் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். பாஸ்டர் எங்களுக்குப் பின்னால் வந்தார்.