மல்லிகைதான் என்று சொன்னார்கள்

சோப்புக் கம்பெனிக்குள் நோய் வராது என்பது முதலாளி கண்டுபிடித்த உண்மை. "ஊரையே கழுவுற இடம்யா இது. இங்க எப்படி வரும்?" என்பார். சொல்லிவிட்டு இருமுவார். அது வெறும் தொண்டைக் கரகரப்பு. விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளிலிருந்து அவருடைய மச்சினன் இருமினான். அது பயணக் களைப்பு. மேஸ்திரி இருமினால் சோப்புத் தூள். ஊரையே ஆட்டிவைத்த நோய், இந்த வாசலுக்கு வந்ததும் பெயரை மாற்றிக்கொண்டு மரியாதையாக நடந்துகொண்டது.

சோப்புக்கு வாசனை சேர்க்கும் கலவைக்காரனுக்கு வந்தபோது மட்டும் அது நோயாகவே இருந்தது. தப்பு அவன் மேல்தான். "ஐயா, எனக்கு ஒரு வாசனையும் தெரியல" என்று வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிட்டான். உடனே வெளியே அனுப்பினார்கள். அவன் உட்கார்ந்த முக்காலியைக் கொளுத்தினார்கள். நாள் முழுக்கச் சோப்பு நுரையில் கிடந்தவனைப் பற்றி, "அவன் குளிக்கிறதே இல்லையாமே" என்று பேசிக்கொண்டார்கள்.

அவன் மனைவியை அனுப்பவில்லை. சோப்புக்கு உறை சுற்றும் வேகத்தில் அவளுக்கு இணை கிடையாது. கூப்பிடுவதே மின்னல் என்றுதான். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தும், கதவோரம் தனியாக உட்காரவைத்து வேலை வாங்கினார்கள். அவள் தொட்ட சோப்பு கடைக்குப் போகலாம். அவள் தொட்ட தண்ணீர்க் குவளைதான் ஆகாது.

இப்போது அவன் தேறிவிட்டான். மூக்குக்கு வாசனையும் திரும்பிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அவனைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, வேலையைத் திருப்பிக் கேட்க மின்னல் கலவை அறைக்குப் போனாள்.

அங்கே முதலாளியும் மேஸ்திரியும் நின்றிருந்தார்கள். மச்சினன்தான் புதுக் கலவைக்காரன். அந்த அறையில் எந்தக் கேனிலும் பெயர்ச் சீட்டு இருக்காது. போட்டிக் கம்பெனிக்காரன் கலவையைத் திருடிவிடுவான் என்று முதலாளி எல்லாவற்றையும் கிழித்திருந்தார். மல்லிகை சென்ட்டும் வெள்ளைக் கேன். சோப்பு அச்சைத் துடைக்கிற மண்ணெண்ணெயும் அதே வெள்ளைக் கேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதுதான் முறை.

மச்சினன் ஒரு கேனைத் திறந்தான், முகர்ந்தான், கண்ணை மூடித் தலையை ஆட்டினான், மடமடவென்று கலவையில் ஊற்றினான்.

மின்னலுக்குக் கண் எரிந்தது. "ஐயா, அது மண்ணெண்ணெய்!"

முதலாளி ஒரு கரண்டிக் கலவையை அள்ளி ஆழமாக முகர்ந்தார். "மல்லிகை" என்றார்.

மேஸ்திரியும் முகர்ந்தார். "தோட்டத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்குங்க."

மூன்று மூக்கும் செத்துக் கிடந்தன. தன் மூக்கு செத்தது ஒவ்வொருவருக்கும் தெரியும். மற்ற இருவருக்கும் மணக்கிறது என்று ஒவ்வொருவரும் நம்பினார்.

"எங்க வீட்டுக்காரருக்கு வந்தது உங்களுக்கும் வந்திருக்கு" என்றாள் மின்னல்.

"யாரப் பாத்து என்ன பேச்சு?" என்று மச்சினன் துள்ளினான். "எனக்கு ஏசி காத்து, மூக்கடைப்பு."

"அடைச்ச மூக்குல மல்லிகை எப்படிங்க வந்துச்சு?"

"அதையும் மீறி வருது. அவ்வளவு மணம்."

இவர்களிடம் பேசி ஆகாது என்று, கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். அவள் வரும்போதே கலவைக்காரன் முகத்தைச் சுளித்தான். "அடியே, எவன் மண்ணெண்ணெய ஊத்துனது?"

மின்னல் திரும்பினாள். பின்னாலேயே முதலாளி வந்திருந்தார். "கேட்டீங்கல்ல? அவர உள்ள விடுங்க. மூக்கு இருக்கிற ஒரு ஆளாவது வேணாமா?"

"மல்லிகைய மண்ணெண்ணெய்ங்கிறான்" என்றார் முதலாளி, மிகுந்த இரக்கத்தோடு. "பாவம், நோய் இன்னும் மூக்க விட்டுப் போகல. உனக்கும் ஒட்டிக்கிச்சு."

பிறகு நியாயம் தவறக் கூடாதென்று அவளையும் கரண்டியையும் உள்ளே கொண்டுபோய், உறை சுற்றும் பெண்களை வரிசையாக அழைத்து, கரண்டியை நீட்டினார். "நீங்களே சொல்லுங்கம்மா. வாசனை தெரியாதவங்க இப்பவே வீட்டுக்குப் போயிரலாம்."

மூத்தவளான பெரியக்கா முந்தானையால் மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டு, "மல்லிகைதாங்க" என்றாள். அடுத்தவளும் மல்லிகை. அதற்கடுத்தவள் குமட்டலை அடக்கிக்கொண்டு, நல்ல மல்லிகை என்றாள்.

"அக்கா, கண்ணுல தண்ணி கொட்டுதே?" என்றாள் மின்னல்.

"மணம் கொஞ்சம் தூக்கல்டி. அதான்." பெரியக்கா தரையைப் பார்த்தாள். "விட்டுரு. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க."

பெரியக்காமீது மின்னலுக்குக் கோபம் வரவில்லை. வந்ததெல்லாம் முதலாளிமீதுதான்.

"நோய் வந்ததும் அவர் சொன்னாரு. உங்களுக்கு வந்ததும் மறைச்சீங்க. அவர் முக்காலிய எரிச்சீங்களே, உங்க நாற்காலிய எப்ப எரிப்பீங்க?"

"மேஸ்திரி, இந்த நோயாளிய வெளிய அனுப்பு" என்றார் முதலாளி.

மேஸ்திரி அவளைக் கேட்டுவரை கொண்டுவந்து விட்டார். முகக்கவசம் அவர் தாடைக்குக் கீழே தாடிபோலத் தொங்கியது. "ஊருக்கெல்லாம் பரப்பிராத தாயி" என்று அக்கறையாகச் சொல்லி, அவள் முகத்துக்கு நேராக அடிவயிற்றிலிருந்து இருமினார்.

மின்னல் அந்த முகக்கவசத்தை இழுத்து அவர் வாய்மேலும் மூக்குமேலும் ஏற்றிவிட்டு, கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.