உரக்கப் படிக்கும் மேஜை

தடாலென்று சத்தம் கேட்டு ஸ்டோர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நடைபாதையின் நடுவே கேமரா ஸ்டாண்ட் மூன்று காலையும் விரித்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் தேவசகாயம் ஒரு கையைத் தரையில் ஊன்றி முட்டி போட்டிருந்தார். மறு கையிலிருந்த போல்ட் ட்ரே மட்டும் கவிழவில்லை.

"ஸாரி மேடம், நான்தான் ட்ராலியால இடிச்சிட்டேன்!" என்று காஞ்சனா ஓடினாள். ட்ராலி பத்தடி தள்ளிச் சுவரோரம் நின்றது. நல்லவேளை, வர்ஷினி தன் கேமராவைத்தான் பார்த்தாள்.

"புது சாமான்மா, பழகல," என்று தேவசகாயம் எழுந்துகொண்டார்.

வர்ஷினி கோயம்புத்தூர்ப் பெண். நகரத்தின் மறுகோடியான கச்சிபௌலியிலிருந்து தினமும் காரில் குஷாய்குடா வந்து போனாள். மின்சாரப் பேனல் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, எது வீண், எதைச் சுருக்கலாம் என்று பார்த்துச் சொல்ல முதலாளி அவளை வரவழைத்திருந்தார். கையில் டேப்லெட், வாயில் ஒரே கேள்வி: இதை ஏன் செய்றீங்க?

ஸ்டோரில் வேலை எளிதுதான். ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு சீட்டு வரும். அதில் உள்ள போல்ட், ஃப்யூஸ், ஸ்விட்ச் எல்லாவற்றையும் முந்நூறு டப்பாக்களிலிருந்து எடுத்து ட்ரேயில் அடுக்கி அனுப்ப வேண்டும். மற்ற மேஜைகளில் சீட்டைப் பார்த்து ஒருவர் எடுப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார். ஒன்பதாம் மேஜையில் மட்டும் காஞ்சனா உரக்கப் படிப்பாள். "ஆறு எம்எம் போல்ட், பன்னெண்டு." தேவசகாயத்தின் கை நேராக அந்த டப்பாவில் போய் விழும். இருபத்திரண்டு வருஷமாக டப்பாக்கள் இடம் மாறியதில்லை. சூப்பர்வைசர் பத்ரி அந்த மேஜைக்கு ரேடியோ ஸ்டேஷன் என்று பெயர் வைத்திருந்தான்.

படிக்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. "சின்ன எழுத்து மட்டும்தான் தங்கச்சி மங்குது. மத்ததெல்லாம் பளிச்சுனு தெரியுது" என்று அப்போது சொன்னார். அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் மனைவி நாகம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. வரும் பிப்ரவரியில் அவள் தங்கை கிட்னி கொடுப்பதாக முடிவாகியிருந்தது. எல்லாமே கம்பெனி இன்ஷூரன்ஸில். அதுவரை தேவசகாயம் வேலையில் இருந்தாக வேண்டும். இன்னும் நாலு மாதம்.

மூன்றாம் நாள் கேள்வி அவர்கள் மேஜைக்கு வந்தது.

"ஏங்க்கா சத்தமா படிக்கறீங்க? ஒரு ஐட்டத்துக்கு எட்டு செகண்ட் ஜாஸ்தியாகுதுங்க்கா."

காஞ்சனாவுக்கு உண்மை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நல்ல பெண். நாகம்மாவைப் பற்றிக்கூட விசாரித்தாள். ஆனால் அவளிடம் சொல்வதெல்லாம் டேப்லெட்டில் ஒரு கட்டத்துக்குள் போகும். அந்தக் கட்டம் முதலாளி அறைத் திரையில் தெரியும். அங்கே போன பிறகு யார் நல்லவர் என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

"தப்பு வராம இருக்கத்தான் மேடம்," என்றாள்.

வர்ஷினி போய்ப் பழைய பதிவுகளைப் புரட்டினாள். மற்ற மேஜைகளிலிருந்து மாதம் முப்பது நாற்பது ட்ரே தப்பென்று திரும்பி வந்திருந்தன. ஒன்பதாம் மேஜையிலிருந்து மூன்று வருஷத்தில் இரண்டே இரண்டு. வாய்க்கு வந்ததைச் சொன்ன பொய், கணக்கில் சத்தியமாக நின்றது.

திங்கட்கிழமை காலை பத்து மேஜை ஆட்கள் இருபது பேரையும் கூட்டி வைத்து அவள் அறிவித்தாள். இனி எல்லா மேஜையிலும் உரக்கப் படிக்க வேண்டும். காஞ்சனாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"கைக்கு, எதுக்கு பயந்தே தங்கச்சி? நம்ம ஸ்டேஷனுக்கு ஒன்பது பிராஞ்ச் வந்தாச்சு," என்று தேவசகாயம் மெல்லச் சிரித்தார்.

"ஒரே ஆள் படிச்சா தொண்டை போயிரும். அதனால மணிக்கு ஒரு தடவை மாத்திக்கணும்," என்று வர்ஷினி தொடர்ந்தாள். "எடுக்கறவங்க படிக்கணும், படிக்கறவங்க எடுக்கணும். அங்கிள், இது உங்க டேபிள் ஐடியா. நீங்களே ஆரம்பிச்சு வைங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். பத்ரி விசிலடித்தான். சீட்டு தேவசகாயத்தின் கைக்கு வந்துவிட்டது.

"நக்கோ, வேணாம் மேடம்," காஞ்சனா குறுக்கே போனாள். "அண்ணாவுக்கு இன்னிக்கு சளி. நானே படிச்சிடறேன்."

"நீங்க தினமும் படிக்கறீங்களேக்கா. இன்னிக்கு ஒரு நாள் ரெஸ்ட் எடுங்க."

"ஆமா, பாட்டு கேட்டுக் கேட்டு எங்களுக்கும் போரடிச்சிருச்சு," என்றான் பத்ரி. சிரிப்பு எழுந்து அடங்கியது. வர்ஷினி டேப்லெட்டில் நேரம் பார்க்கும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள்.

காஞ்சனா அவர் தோளோரம் போய் நின்றாள். பெரிய எழுத்தில்தான் அச்சடித்திருந்தார்கள். சமாளித்துவிடுவார் என்று நினைத்தாள். தேவசகாயம் சீட்டை முகத்துக்கு நேரே பிடித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். போல்ட்டின் மரையைத் தடவுவதுபோலக் கட்டைவிரலால் காகிதத்தை மெதுவாகத் தடவினார். பிறகு முகத்தில் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் அவள் பக்கம் சாய்ந்தார்.

"எழுத்து எந்தப் பக்கம் இருக்கு தங்கச்சி?"