நாற்பது ஸ்பிரிங்

விடியற்காலை ஐந்தரைக்கு மெஷினைத் தொட்டால் உள்ளங்கை சில்லிடும். முதல் வேலை, கம்பிச் சுருளை ஸ்டாண்டில் ஏற்றுவது. நாற்பது கிலோ. நானும் என் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சை அடக்கித் தூக்கிப் போடுவோம். அப்புறம் பெடலை மிதித்தால் தண்டு சுழலும். கம்பி அதில் சுற்றிக்கொண்டு ஸ்பிரிங்காக வந்து விழும். பதினாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. தங்கை சேர்ந்து எட்டு மாதம்.

அப்போதெல்லாம் கம்பி மட்டும் வெளிநாட்டுச் சரக்கு. சொன்னபடி வளையும். போன வருடம் அதற்கு அரசாங்கம் இறக்குமதி வரி போட்டது. உள்நாட்டுக் கம்பி ஆலைகள் பிழைக்கட்டும் என்றார்கள். டீக்கடையில் உடனே இரண்டு கட்சி. வரி இருந்தால்தான் நம் ஆட்களுக்கு வேலை என்றார்கள் சிலர். வரியை எடுத்தால்தான் நமக்குக் கம்பி என்றார்கள் சிலர். எனக்கு இரண்டுமே நியாயமாகப் பட்டது. கம்பி ஆலையிலும் நம்மைப் போலப் பிள்ளைகுட்டிக்காரர்கள்தானே இருக்கிறார்கள்.

வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். உள்நாட்டுக் கம்பி தன் வேலைக்கு உதவாது என்று நிரூபிக்கிறவருக்கு வரிவிலக்கு உண்டு என்று ஒரு விதி. சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் பெரிய ஸ்பிரிங் ஆலையின் முதலாளி மந்திரிக்குச் சம்பந்தி. விதி வெளியான வாரமே அவருக்கு விலக்கு வந்துவிட்டது. எங்கள் முதலாளி விலக்குக் கேட்டபோது மட்டும் பட்டறைக்குப் பரிசோதனை செய்ய ஓர் அதிகாரி வந்தார்.

முந்தின நாளே எங்கள் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார். அதிகாரி முன்னால் உள்நாட்டுக் கம்பியை எப்போதும் போல வேகமாகச் சுற்று, அதுவே அறுந்துவிடும் என்றார். பொய் சொல்லச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி காட்டச் சொன்னார், அவ்வளவுதான்.

சுற்றினேன். அறுந்தது. மறுபடி மாட்டினேன். மறுபடி அறுந்தது. அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார்:

"கம்பியில குத்தமா, கையில குத்தமா?"

எங்கிருந்துதான் அந்த ரோஷம் வந்ததோ. வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். எண்ணெய்த் துணிக்குள் கம்பியை விரலிடுக்கில் ஓடவிட்டு, முரடு தட்டுகிற இடத்திலெல்லாம் பெடலைத் தளர்த்தினேன். நாற்பது ஸ்பிரிங். ஒன்றுகூட அறவில்லை. பக்கத்து மெஷின்காரிகள் கை தட்டினார்கள். தங்கைக்குப் பெருமையில் வாயெல்லாம் பல். அதிகாரி ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார், என்னைப் பாராட்டினார், உள்நாட்டுக் கம்பியே போதும், விலக்கு கிடையாது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. கெட்டிக்காரத்தனத்தைக் காட்டி எங்கள் எல்லார் தலையிலும் மண்ணை வாரிப் போட்டிருந்தேன்.

வரி கட்டி வெளிநாட்டுக் கம்பி வாங்கக் கட்டுப்படியாகாமல் அன்றிலிருந்து உள்நாட்டுக் கம்பிதான். எங்களுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. மெதுவாகச் சுற்றினால் கூலி இல்லை. வேகமாகச் சுற்றினால் கம்பி அறும். அறும்போதெல்லாம், கம்பி மேலே அடிக்காமலிருக்க மெஷின் முன்னால் மாட்டியிருக்கும் வலைக்கதவைத் திறந்து மூட வேண்டும். நேரம் வீணாகிறது என்று முதலாளி எல்லாக் கதவுகளையும் கழற்றிவிட்டார். நாங்களும் வாய் திறக்கவில்லை. கூலி பாதியாகிப் போன நேரம் அது.

ஒன்பதாம் நாள் காலை எனக்குப் பின்னால் ஒரு விசில் சத்தம் கேட்டது. அறுந்த கம்பி சுழன்றடிக்கும்போது அப்படித்தான் கேட்கும். திரும்பினேன். தங்கை வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள். கத்தவில்லை.

"அக்கா, மெஷின நிறுத்து."

விரல்களுக்கிடையில் ரத்தம் வழிந்தது.

கண் போய்விட்டது. இருபத்திரண்டு வயது அவளுக்கு. அம்மா போனபின் தூக்கி வளர்த்தவள் நான். ஆஸ்பத்திரியில் அவள் முகத்துக் கட்டைப் பார்த்தபோது என் விரல்களை ஒவ்வொன்றாக ஒடித்துப் போடலாம் போலிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

மறுநாள் பட்டறையில் மிச்சமிருந்த பதினொரு பேரும் மெஷினைத் தொடாமல் நின்றோம். கதவுகளை மாட்டும்வரை தொட மாட்டோம் என்றோம். முதலாளி என்னைத்தான் பார்த்தார்.

"நீதானம்மா அறாம சுத்திக் காட்டின? அதே கம்பிதானே இது?"

"அன்னைக்குக் கதவு இருந்துச்சு. அவசரம் இல்ல. கதவக் கழட்டினது யாரு?"

"மாட்டினா உருப்படி கொறையும். எதிர்ல இருக்கவன் வரியில்லாத கம்பியில அடிமாட்டு விலைக்கு விக்கிறான். பட்டறைய இழுத்து மூடிடவா?"

"உங்க ரெண்டு பேர் போட்டிக்கு என் தங்கச்சி கண்ணுதான் கெடச்சுதா?"

அவர் உள்ளே போனார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கதவை மாட்டவும் இல்லை.

அன்று மாலை எதிர் ஆலையில் சரக்கு வண்டி ஓட்டும் நெட்டையண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அந்த ஆலைக்காரர்கள் மேல் எங்களுக்குப் பொறாமை இருந்தது, ஒளிப்பானேன். அங்கே எந்த அதிகாரியும் வரவில்லை, ஒரு கம்பியைக்கூடச் சோதிக்கவில்லை என்றார். கம்பி விலை கட்டாமல் மூடிப்போன சின்னப் பட்டறைகளின் ஆட்கள் வேலை கேட்டு வாசலில் நிற்பதைக் காட்டியே தங்கள் கூலியையும் குறைத்துவிட்டார்களாம்.

"விலக்கு மொதலாளிக்குத்தாம்மா வந்துச்சு. எங்களுக்கு வரல. எங்க வந்து வேணும்னாலும் இதச் சொல்றோம்."

திங்கட்கிழமை அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் போனோம். நாற்பது ஸ்பிரிங் பேச்சையே எடுக்காதே என்று நாலு பேர் என்னைத் தடுத்தார்கள். நான் கேட்கவில்லை. சுற்றியது நான்தான், ரோஷத்தில் சுற்றினேன், அப்படி ஒரு நாள் முழுக்கச் சுற்றி ஒருத்தியும் சோறு தின்ன முடியாது, எழுதியதைத் திருத்துங்கள் என்றேன். வரி இருக்கட்டும், போகட்டும். மந்திரி சம்பந்திக்கு ஒரு விதி, எங்களுக்கு ஒரு விதி என்பது மட்டும் வேண்டாம் என்றேன். எதிர் ஆலையில் பரிசோதனையே நடக்கவில்லை என்று நெட்டையண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னார். அவர் வேலை அந்த நிமிடமே போயிருக்கும்.

கோப்பு மூடியாயிற்று, மேலிடத்தில்தான் கேட்க வேண்டும், போய் வாருங்கள் என்றார் அதிகாரி. யாரும் போகவில்லை. முற்றத்து வெயிலில் உட்கார்ந்துவிட்டோம்.

வர வேண்டாம் என்று சொல்லியும் தங்கை கட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சற்று நேரம் தலையை அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

"அக்கா, வலது பக்கம் ஒண்ணும் தெரியல. அங்க யாராவது இருக்காங்களா?"

நெட்டையண்ணன் எழுந்து வந்து அவளுடைய வலது பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் ஆட்களும் ஒவ்வொருவராக நகர்ந்து வந்தார்கள்.

"நாங்க இருக்கோம்மா," என்றார்.

அவள் அந்தப் பக்கம் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். ஒரு தோள். அதற்கப்பால் இன்னொரு தோள்.