தாய்மாமன் கொண்டுவந்த பை

பேத்தியின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் வராமல் எப்படி என்று ஜெயம் ஒரு மாதமாக மருமகளைக் குடைந்தெடுத்தாள். அண்ணனுக்குத் துபாயில் வேலை, லீவு கிடைக்காது என்று சூர்யகலா கல்யாணமான நாளிலிருந்து புளுகிவந்தாள். அவன் சென்னையில் கூலிக்கு ஆள் வெட்டுகிற கும்பலில் இருப்பதைக் கட்டிய புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. ஆரணியில், இந்தத் தறிவீட்டில், அவள் நல்ல குடும்பத்துப் பெண். அந்தப் பேருக்காகவே பிறந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

எவன் சொல்லித் தெரிந்ததோ, அண்ணன் மணவாளன் வந்துவிட்டான். மண்டபத்து வாசலில் மேளம், பட்டாசு, தட்டுத் தட்டாகச் சீர். ஜெயத்துக்கு வாயெல்லாம் பல். சூர்யகலா வாசலுக்கு விரைந்தாள்.

"இன்னா தங்கச்சி, கூப்புடலன்னா வரமாட்டேன்னு நெனச்சிகினு இருந்தியா?"

"எதுக்கு வந்த?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் மேடையேறித் தங்கை மகள் ஹேமலதாவுக்கு மாலை போட்டான். கடைசித் தட்டிலிருந்த புத்தம்புது ஸ்கூல் பையை எடுத்து நீட்டினான். "நாளைக்கு மாமா வர்ற வரைக்கும் தொறக்காத செல்லம். சர்ப்ரைஸ்."

பையை மாட்டியதும் பெண்ணின் தோள் ஒரு பக்கமாகச் சரிந்தது. அந்தக் கனம் சூர்யகலாவுக்குத் தெரியும்.

"மரியாதையா எடுத்துகினு போயிடு" என்று அவன் காதருகில் சீறினாள்.

"பொட்டப்புள்ள பைய எந்தப் போலீசு பிரிக்கப் போறான்? உனக்குத் தெரியாததா? வாயத் தொறந்த, நீ யாருன்னு உன் மாமியாருக்குச் சொல்லிடுவேன்."

ஹேமலதா புதுப் பையைத் தடவிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சூர்யகலாவுக்கு வெறியே வந்துவிட்டது. பையை மகள் தோளிலிருந்து பிடுங்கினாள்.

"இதுல கத்தி இருக்குது! யாராச்சும் போலீசுக்குப் போன் பண்ணுங்க!"

மேளம் நின்றது. "பைத்தியம் புடிச்சிச்சாடி உனக்கு?" என்று ஜெயம் பாய்ந்து வந்தாள். சூர்யகலா ஜிப்பை இழுத்துப் பையைக் கவிழ்த்தாள். செய்தித்தாள் சுற்றிய இரண்டு வீச்சரிவாள்கள் குங்குமத் தட்டின்மேல் விழுந்தன. மணவாளன் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினான். பின்னாலேயே நாலைந்து பேர் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

ஜெயம் ஓடியவனைப் பார்க்கவில்லை. மருமகளையே பார்த்தாள்.

"பைய தொறக்கவேயில்லியே. உள்ள கத்தின்னு உனக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

துபாய் மாதிரி இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. மாலையும் கழுத்துமாக மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் தூக்கிகினு போயிருக்கேன் அத்த. ஆறாங்கிளாஸ்ல இருந்து."

ஜெயம் பேத்தியின் கையைப் பிடித்து வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொள்ளட்டும் என்றிருந்தது சூர்யகலாவுக்கு. அந்தப் பையோடு போகாமல் ஆயாவோடுதானே போகிறாள்.