நாற்பது என்று காட்டிய திரை

1

ஒரு வாக்கியத்துக்குத் தமிழ் சொல்லப்போய் இந்தக் கதைக்குள் மாட்டிக்கொண்டேன். கேட்டவள் கோமளா. அவிநாசிபாளையத்தில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண். சாயப்பட்டறை இயந்திரங்களுக்குக் கண்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு திருப்பூர்க் கம்பெனியில் வேலை. பேனலின் திரையை இயக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அது எப்போது என்ன செய்யும் என்று எழுதிவைப்பது அவள் பொறுப்பு. நான் கதை எழுதுவதால் எனக்கு எல்லாத் தமிழும் தெரியும் என்று நம்புகிறாள், பாவம்.

"ஏனுங்கக்கா, 'எல்லாம் மாறும், இல்லாவிட்டால் எதுவும் மாறாது' அப்படின்னு எழுதுனா சரியாங்க?"

சரி என்றேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அப்போது விபத்து நடந்திருக்கவில்லை.

2

கோமளா எனக்கு விளக்கியதை உங்களுக்குச் சொல்கிறேன். திரையில் தெரிவது பல அடுக்குகள்: பின்னணி, அதன்மேல் எண்கள், அதற்கும் மேலே எச்சரிக்கைப் பெட்டி. பழைய டிரைவர் இவற்றை ஒவ்வொன்றாக மாற்றும். பாதி மாறிய படம் கண்ணில் படும், திரை சிமிட்டும். புதியது எல்லா மாற்றங்களையும் ஒரே கட்டாக வாங்கி, திரையின் சிப்பால் முடியுமா என்று முதலில் பார்க்கிறது. முடிந்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் மாறும். ஒன்று முடியாவிட்டாலும் கட்டு முழுவதும் திரும்பிவிடும். பழைய படம் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே நிற்கும். திரும்பியதைக் கவனித்து ஏதாவது செய்யவேண்டியது பேனலின் புரோகிராம்.

[இந்தப் பத்தியைத் தாண்டிவிடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது. தாண்டாதீர்கள். ஒரு மனிதர் வெந்துபோனது இதற்குள்தான்.]

3

முதல் தொடக்கம்: "ஆவிக்கு நடுவே ஒரு நிழலைப்போல வேல்குமார்—"

அடித்துவிட்டேன். வேல்குமார் நிழல் இல்லை. பொங்கலூர்க்காரர், சாயப்பட்டறையில் ஆபரேட்டர். மனைவி நிர்மலா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார்.

இரண்டாவது தொடக்கம்: "அன்று காலை நொய்யலில்—"

நொய்யலுக்கு இங்கே என்ன வேலை? நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பட்டறை ஆபரேட்டர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. திரை சிமிட்டினால் எண் மாறுகிறது, ஸ்டீம் ஏறுகிறது, இயந்திரத்தின் மூடியைத் தொடாதே. சிமிட்டாமல் இருந்தால் திறக்கலாம். யாரும் எழுதிவைத்ததில்லை. தமிழ் தெரியாமல் வந்த வடநாட்டுக்காரர்களுக்குக் கண்ணைச் சிமிட்டிக் காட்டியே சொல்லிக்கொடுத்தார்கள். புதிய டிரைவர் வந்து சிமிட்டல் நின்றபோது எல்லோருக்கும் சந்தோஷம், கண் வலிக்கவில்லை என்று. வழக்கம் மட்டும் உடம்பில் தங்கிவிட்டது. கோமளாவின் கம்பெனியில் யாருக்கும் இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது.

வேல்குமார் துணியை வெளுக்கப் போட்டார், ஸ்டீமைத் திறந்தார், சாப்பிடப் போனார். ஸ்டீம் திறந்ததும் 'மூடியைத் திறக்காதே' என்று சிவப்புப் பெட்டி வரவேண்டும். பாதுகாப்புக்கென்று அந்த வாரம்தான் அதைச் சேர்த்திருந்தார்கள். அந்தக் கூடுதல் அடுக்கைச் சிப்பால் தாங்க முடியவில்லை. பெட்டியோடு சேர்ந்து வெப்ப எண்ணும் திரும்பியது, மறுபடி மறுபடி. புரோகிராம் அதைக் கவனிக்கவில்லை. திரை நாற்பது டிகிரியிலேயே நின்றது. உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் திரும்பி வந்து பார்த்தார். நாற்பது. சிமிட்டலும் இல்லை. ஸ்டீம் ஏறவில்லை, துணி எங்கோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து மூடியைத் திறந்தார்.

[மூடி சுடாதா என்று கேட்பீர்கள். சாயப்பட்டறையில் எதுதான் சுடாது?]

4

பேனல் கம்பெனி முதலாளி பொங்கியண்ணனை வில்லனாக்க ஆசைப்பட்டேன். முடியவில்லை. ஆம்புலன்ஸில் வேல்குமாரோடு கோயம்புத்தூர்வரை போனவர் அவர்தான். திரும்பி வந்து கோமளாவைக் கூப்பிட்டவரும் அவரே.

"கண்ணு, நீங்க எழுதி வெச்சதுல 'திரையை மட்டும் நம்பி மூடியைத் திறக்கக் கூடாது'ன்னு ஒரு வரி சேத்துருங்க. முன்னாடியே இருந்தாப்பல இருக்கோணும். ஆபீசருங்க வந்தா காட்டோணுமல்லொ."

"அது அப்ப இல்லீங்களே."

"இல்லீங்கறது எனக்கும் தெரியும் கண்ணு. கம்பெனிய மூடுனா உங்க ஊட்லயும் அடுப்பு எரியாது பாத்துக்குங்க."

கோமளா இரண்டாவது முறை என்னிடம் தமிழ் கேட்டு வந்தது இந்த வரிக்குத்தான். நான் கண்ணாடியைத் தேடுவதுபோல் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

5

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வேல்குமாரின் கண்கள் கட்டப்பட்டிருந்தன. நிர்மலா பக்கத்தில் நின்றார். பேனல் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறேன் என்று கோமளா சொன்னதும் வேல்குமார் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினாராம்.

"ஏனுங்க அம்மிணி, அது நாப்பதுன்னு தானுங்க இருந்துச்சு? எல்லாரும் நான் தப்பாப் பாத்துட்டேங்கறாங்க. எனக்கே இப்ப சந்தேகமா இருக்குதுங்க."

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"தண்ணி வேணுங்களான்னு கேட்டனுங்கக்கா."

எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. கண்ணாடி தேடப் போனவளுக்கு என்ன ஆத்திரம் வேண்டியிருக்கிறது?

6

முடிவு அ: கோமளா மறுநாள் போய், "நாற்பதுதான் இருந்தது, நீங்கள் பார்த்தது சரி" என்கிறாள். வேலை போகிறது. வேல்குமார் நிம்மதியாகத் தூங்குகிறார். [தூங்குகிறார் என்பது என் ஆசை.]

முடிவு ஆ: வரி சேர்க்கப்படுகிறது. அதிகாரிகள் தலையாட்டுகிறார்கள். ஆபரேட்டரின் கவனக்குறைவு. வேல்குமாரும் மெல்ல அதை நம்பி, வருகிறவர்களிடம் "நான் தானுங்க தப்பாப் பாத்துட்டேன்" என்று சொல்லத் தொடங்குகிறார்.

எனக்கு 'அ' பிடித்தது. நம்பும்படி இருந்தது 'ஆ'. ஒன்றைத் திருத்தினால் மற்றது மங்கியது. ஒரு வாரம் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதினேன். கோமளாவும் அந்த வரியைச் சேர்க்காமல், மறுக்கவும் செய்யாமல், காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே—

7

வெள்ளிக்கிழமை வேல்குமார் இறந்துவிட்டார்.

இரண்டு முடிவுகளும் அவர் உயிரோடு இருந்தால்தான் செல்லும். எது நல்ல வாக்கியம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தார். இதற்குமேல் எழுத எனக்குத் துப்பில்லை. எழுதவும் மாட்டேன்.

ஆனால் காரியம் முடிந்ததும் நிர்மலா விசாரித்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். கோமளா வீட்டு வாசலில் நிற்கிறார். அழவில்லை.

"நாயம் பேச வரலீங்க. அவரு கண்ணு சரியாத்தானுங்க பாத்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க, போயிர்றேன்."

கோமளா என்னைப் பார்க்கிறாள். நான் மறுபடியும் கண்ணாடியைத் தேடுகிறேன். திரையில் என்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியும். நீங்களாவது சொல்லுங்கள், அவர் நின்றுகொண்டே இருக்கிறார்.