அழகேசனின் ஜிப்பா

மலேசியாவின் லூனாஸ் வட்டாரப் பெருமக்களுக்கு அறிவிப்பது யாதெனில்: கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் இயந்திரங்களை மேற்பார்வையிடும் திருவாளர் புவனேஸ்வரன் அவர்கள், அண்ணன் அழகேசன் இறந்த மறுநாள் காலை, அண்ணன் வீட்டுத் துணி உலர்த்தும் மெஷினை நேரில் பரிசோதிக்கத் திருவுளம் கொண்டார். கையில் டார்ச் லைட்டும் இருந்தது.

மெஷினுக்குள் சுழன்றது ஒரே ஒரு துணி. சந்தன நிற ஜிப்பா. மகள் ரூபினியின் கல்யாணத்துக்கு அழகேசன் தைத்தது. "என்னை அனுப்புறப்ப இதைப் போட்டு அனுப்பு" என்று ஆஸ்பத்திரியில் மனைவி தேவகியிடம் சொல்லியிருந்தார். அலமாரியில் பூஞ்சை பிடித்துக் கிடந்ததை விடிந்ததும் துவைத்துவிட்டாள். வெளியே விடாத மழை; மெஷினிலோ எவ்வளவு சுழன்றும் ஈரம் போகவில்லை. உடலுக்கு உடை உடுத்த வந்த சவப்பெட்டிக் கடை ஆட்கள் கூடாரத்தின் கீழ் காத்திருந்தார்கள்.

"அண்ணி, இது ஹீட்டர் கோளாறு."

"முதல்ல சூடாத்தான் வருது தம்பி. அப்புறம் சில்லுன்னு ஆயிடுது."

"அப்ப தெர்மோஸ்டாட். நான் பாக்காத கேஸா லா."

பின் தகட்டைக் கழற்றினார். நீதிபதியின் அமைதியோடு உள்ளே பார்த்தார். திரும்ப மாட்டினார். ஒரு திருகு மிஞ்சியது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பஞ்சு அடைச்சிருக்குமோ சித்தப்பா?" என்றாள் ரூபினி.

"அதெல்லாம் சின்ன விஷயம்மா. நான் சிஸ்டத்தைப் பாக்குறேன்."

ரூபினி மெஷினின் பஞ்சு வடிகட்டியை இழுத்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"வேற சட்டை போடலாம்மா."

"அவர் கேட்டது இதைத்தான்."

தேவகி பின்கட்டுக்குப் போனாள். அழுவதற்கு வீட்டில் வேறு இடமில்லை. மெஷினின் சூட்டுக்காற்று சுவர் வழியாக வெளியேறும் துளை அங்கேதான். மழை நாளில் பூனை வந்து படுக்கும் இடம். இன்று பூனையும் இல்லை, காற்றும் இல்லை.

துளையின் பிளாஸ்டிக் மூடிகளை மஞ்சள் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. கயிற்றில் காய்ந்த மாவிலை, சுருங்கிய எலுமிச்சை. ஆயுத பூஜையன்று அழகேசன் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டினார், புல் வெட்டும் மெஷினுக்குக் கட்டினார், "இதுவும் பாவம், உழைக்குதுல்ல" என்று இதற்கும் கட்டினார். அதற்குப் பிறகு நல்ல வெயில். மெஷினை யாரும் தொடவில்லை. பிறகு ஆஸ்பத்திரி.

பின்னாலேயே வந்த புவனேஸ்வரன் கயிற்றைப் பார்த்தார்.

"நான் சந்தேகப்பட்டதுதான். சூடு வெளிய போக வழியில்ல. மெஷின் பயந்து தானா ஹீட்டர ஆஃப் பண்ணிக்குது." கத்தரிக்கோலை நீட்டினார். "வெட்டுங்க அண்ணி."

"கத்தரி வேணாம் தம்பி. அவர் கட்டின முடிச்சு."

நகத்தால் நெம்பினாள். ஈரத்தில் ஊறிய முடிச்சு எளிதில் இளகவில்லை. கடைசியில் அவிழ்ந்தபோது எலுமிச்சை விழுந்து சாக்கடைப் பக்கம் உருண்டது. கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

ரூபினி உள்ளே மெஷினை ஓட விட்டாள். மூடிகள் மெல்லத் திறந்தன. சோப்பு வாசத்தோடு வெதுவெதுப்பான காற்று தேவகியின் முகத்தில் பட்டது. தேவைக்கு மேலேயே அவள் அங்கே நின்றாள்.

ஜிப்பா மொரமொரவென்று காய்ந்தது. ரூபினி அதை இரண்டு கைகளிலும் ஏந்திக் கொண்டுபோய் ஆட்களிடம் கொடுத்தாள். கூடாரத்தில் புவனேஸ்வரன் காற்றோட்டத்தின் தத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

விறைத்துப்போன தோளில் ஜிப்பா ஏறவில்லை. ஆட்கள் முதுகுப்பக்கம் கத்தரியால் நெடுக வெட்டித்தான் போட்டார்கள்.